இரத்தினம்மா ஒழுங்கை

என்னைக் கவிழ்த்தது இரண்டாம் வேற்றுமை உருபு. சாராயமில்லை, சூதாட்டமில்லை, வெறும் ஐ. இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் இலக்கணப் பரீட்சையில் இதே வேற்றுமை உருபுகளுக்காகப் பரிசு வாங்கியவன் நான். பரிசு ஒரு பேனாக்கத்தி. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் பெயர் முத்துலிங்கம். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு ஊர்ப்படம் வரையும் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. என்னிடம் ஒரு சோடி புதுச் சப்பாத்தும் அளவுக்கு மீறிய தலைக்கனமும் இருந்தன. ரயில் கண்டிக்கு வந்து சேர இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. அதுவரைக்கும் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டுவண்டியில்தான் கொழும்புக்கு இறங்கியது. போன வண்டிகள் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தன. அந்த வண்டிகளால் ஊர் பெருத்துக்கொண்டே போனது. நேற்றுப் புல் முளைத்திருந்த இடத்தில் இன்றைக்கு இரண்டு கடை, நாளைக்கு ஒரு சண்டை. காலையில் நான் கீறிய படம் பின்னேரம் பொய்யாகிவிடும்.

மாத முடிவுக்குள் முழு ஊரும் படத்தில் இருக்க வேண்டும் என்று கந்தோரின் வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். பெரிய தெருக்களைக் கீறி முடித்துவிட்டேன். மிச்சம் ஒழுங்கைகள்தான். இரண்டு வேலிக்கு நடுவே, இரண்டு சுவருக்கு நடுவே ஆள் நடந்து போகிற சின்னப் பாதைக்கு எங்கள் பக்கத்தில் ஒழுங்கை என்று பெயர். அதற்கு வேறு பெயர் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் தமிழ்தான் தமிழ், மற்றவர்கள் ஏதோ சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்திருந்த காலம் அது.

ஒழுங்கைகளை நேரில் போய்ப் பார்ப்பதுதான் முறை. ஆனால் மழைக்காலம், சப்பாத்தோ புதிது. ஆகவே வீரையாவைத் தேடிப் போனேன். வீரையா இந்தியாவிலிருந்து தெல்தோட்டைக் கோப்பித் தோட்டத்துக்கு வந்து, அங்கிருந்து விலகி, நிலம் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவன். வண்டிச் சில்லு காலில் ஏறி, கட்டுப் போட்டுக்கொண்டு குடிசையில் படுத்திருந்தான். இரண்டு நாளில் எழுந்துவிடுவேன் என்றான். நான் வாசலில் குடையோடு நின்றபடியே சொன்னேன்.

"ஊரிலை இருக்கிற ஒழுங்கை எல்லாம் எண்ணிக்கொண்டு வாரும். எங்கை துடங்குது, எங்கை முடியுது எண்டு ஒண்டும் விடாமல் பாரும். விளங்கினதோ?"

"வெளங்குச்சுங்கய்யா" என்றான் வீரையா. அவனுக்கு எதைச் சொன்னாலும் விளங்கும்.

எட்டு நாள் கழித்துக் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கூடை, கையில் எண்ணெய் மினுக்கு. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. கூடையை என் மேசையில், ஊர்ப்படத்துக்கு மேலேயே வைத்தாள்.

"வீரையா சம்சாரம்ங்க, இரத்தினம்மா. அவருக்குக் கால் இன்னும் வீங்கித்தான் கெடக்கு. அதனால நானே போயி எண்ணிக்கிட்டு வந்துட்டேன்."

"எத்தினை?"

"அஞ்சு எடத்துலதாங்க இருக்கு. மத்த எடமெல்லாம் ஒரே அலங்கோலம்."

"கண்டி முழுக்க அஞ்சே அஞ்சோ?"

"அஞ்சுதாங்க. ஆனா பாருங்க, அஞ்சும் ஒண்ணுதான்!" என்று சொல்லி, ஏதோ பெரிய பகிடியைச் சொன்னவள் போலச் சிரித்தாள்.

கூடையிலிருந்து ஐந்து கயிறுகளை எடுத்துப் படத்தின் மேல் வரிசையாகப் போட்டாள். ஒவ்வொரு கயிற்றிலும் முடிச்சு முடிச்சாக ஏதேதோ கட்டியிருந்தது. நடுவில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நத்தை ஓடு, ஒரு சிரட்டைத் துண்டு, ஒரு லாட ஆணி, ஒரு போத்தல் தக்கை, அப்புறம் கறுப்பாக என் விரலில் சுற்றிக்கொண்ட ஒன்று.

"இதென்ன மயிர்?" என்று கத்தினேன். வசவாகக் கத்தவில்லை. உண்மையிலேயே அது மயிர்தான்.

"நாவிதருங்க" என்றாள் இரத்தினம்மா. "எனக்கு எழுதப் படிக்க வராது. அதனால பொருளாக் கட்டிக் கொண்டாந்தேன். நத்த ஓடு தண்ணி. வண்டிக்காரங்க தண்ணி இருக்கிற எடத்துலதான் மாட்ட அவுப்பாங்க. மாடு குடிக்கிறப்ப மனுசனுக்குப் பசிக்கும், அப்ப ஒருத்தி அப்பக்கடை போடுவா. அதுதான் செரட்ட. ஆளு ஒக்காந்து சாப்பிட ஆரம்பிச்சாத்தான் மாட்டுக் கால்ல லாடம் தேஞ்சது கண்ணுக்குத் தெரியும். லாடக்காரரு வருவாரு. லாடம் அடிக்க நேரமாகும், சும்மா நிக்க முடியுமா? தவறணை வந்துரும். அதுதான் தக்கை. குடிச்சவன் அன்னைக்குக் கெளம்ப மாட்டான். மறுநாள் மொகத்துல முள்ளு முள்ளா நிக்கும், நாவிதரு வருவாரு. மொகம் பளிச்சுன்னு ஆனதும் சட்டை அழுக்காத் தெரியும். பொடவக்கடை வந்துரும், இந்தக் கிழிசல் அதுக்கு. பொடவக்கடை வந்தா திருடன் வருவான். திருடன் வந்தா..."

மூச்சு வாங்கினாள். நீளமான கயிறுகளில் ஒன்றை எடுத்து அதன் கடைசி முடிச்சைக் காட்டினாள். அதில் ஒரு கறுப்புப் பொத்தான் தொங்கியது.

"பொலிசு. கட்டுகஸ்தோட்டையிலயும் இதே ஒழுங்கு, பேராதனைப் பாலத்தடியிலயும் இதே ஒழுங்கு, திகனப் பாதையிலயும் இதே ஒழுங்கு. எங்க தொடங்குதுன்னு கேட்டீங்கல்ல? தண்ணியில. எங்க முடியுதுன்னு கேட்டீங்கல்ல? பொலிசுல."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஊரில் இருக்கிற ஒழுங்கை எல்லாம் எண்ணு. ஒழுங்கு, ஐ. ஒழுங்கை! நான் கேட்டது பாதைகளை. இவர்கள் காதில் விழுந்தது ஊரின் ஒழுங்கு. எட்டு நாள் இந்தப் பெண் கண்டி முழுக்க ஒழுங்கைத் தேடி அலைந்திருக்கிறாள்.

எழுந்து நின்று, விரலைத் தூக்கி, கந்தோர் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "ஒழுங்கை எண்டால் ஒழுங்கு இல்லை! சின்னத் தெரு!"

"அதுக்குப் பேரு சந்துங்க" என்றாள் அவள், கொஞ்சமும் கலங்காமல்.

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுதுங்க."

கயிறுகளை வாரி அவள் கூடையில் எறிய வேண்டும் என்றுதான் கையை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது. ஐந்து கயிறும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நத்தை ஓட்டுக்கு நேரே நத்தை ஓடு, ஆணிக்கு நேரே ஆணி, தக்கைக்கு நேரே தக்கை. ஒரு இடத்திலும் நாவிதர் தவறணைக்கு முந்தவில்லை, புடவைக்கடை லாடக்காரருக்கு முந்தவில்லை. மூன்று கயிறு ஏழாவது முடிச்சு வரை போயிருந்தது, ஒன்று ஆறு வரை. தெல்தோட்டைப் பாதையின் கயிற்றில் இரண்டே முடிச்சு. மூன்று மாதமாக இந்த ஊரைக் கீறிக் கீறி அழித்துக்கொண்டிருக்கிறேன், இது தன் பாட்டுக்கு வளர்கிறது என்று துரையிடம் முறையிட்டும் இருக்கிறேன். தன் பாட்டுக்கு வளரவில்லை. முறை வைத்துத்தான் வளர்கிறது. அந்த முறை என் மேசையில் கயிறாகக் கிடக்கிறது.

"தெல்தோட்டைப் பாதையிலை இனி என்ன வரும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"லாடக்காரரு. ஏத்தத்துல ஏறி வர்ற மாடு அங்க நின்னுதான் கால ஒதறுது. பதினஞ்சு நாளு தாங்காதுங்க."

பதினைந்து நாள் தேவைப்படவில்லை. பதினோராம் நாள் காலையில் சப்பாத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் நடந்து போய்ப் பார்த்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம் அப்பக்கடை. அந்தப் பக்கம் நேற்று வரை இல்லாத ஒரு கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒருவர் மாட்டைச் சாய்த்துப் போட்டு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் சுத்தியலைத் தூக்கினார். நான் விலகி நின்று சிரித்தேன். பாதையில் போன வண்டிக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நாளைக்கு நடக்கப்போவதை நேற்றே அறிந்தவனுக்கு வரும் கிறுக்கு எனக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பின்னேரங்களில் இரத்தினம்மாவோடு வண்டிகள் நிற்கும் இடமெல்லாம் திரிந்தேன். எதற்குப் பிறகு எது வந்தது, யார் சொல்லி வந்தது, எத்தனை நாளில் வந்தது என்று ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். போகிற வழியில் ஊரில் இருந்த பதினான்கு ஒழுங்கைகளையும் பார்த்து அளந்துகொண்டேன் என்பது வேறு விஷயம், அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. "பேராதனைப் பூந்தோட்டத்திலை ஒவ்வொரு செடியும் எப்பிடி முளைக்குது, எப்ப கிளை விடுது எண்டு எழுதி வைச்சிருக்கினம். ஊர் எப்பிடி முளைக்குது எண்டு ஆரும் எழுதேல்லை, இரத்தினம்மா! நாங்கள்தான் முதல்!" என்று நடுப்பாதையில் நின்று சொன்னேன். "சாணி மிதிக்காம வாங்க" என்றாள் அவள். எப்போது அவளை நீங்கள் என்று அழைக்கத் தொடங்கினேன் என்று நினைவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு குறை கண்டுபிடித்தேன். கயிறுகளைப் பார்த்துப் பிரதி எழுதிக்கொண்டிருந்தேன். பொத்தான் வரை போன மூன்று கயிற்றிலும் இரண்டாவது முடிச்சு வெறுமையாக இருந்தது.

"உங்கடை வேலையிலை கவனம் காணாது" என்றேன். "மூண்டிலையும் சிரட்டை விழுந்து போச்சு."

"விழலீங்க" என்றாள். "பொலிசு வந்தா பாதைய அகலமாக்குவாங்க. பாதைய அகலமாக்குனா மொதல்ல அடுப்பத்தான் ஒதைப்பாங்க. மத்தவங்களுக்கெல்லாம் சொவரு இருக்கு, கூரை இருக்கு. அடுப்புக்கு என்ன இருக்கு? பொத்தான் வந்தா செரட்ட போயிரும். அதுவும் ஒழுங்குலதான் சேத்திங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்கெல்லாம் அப்பம் சுட்டவ நான்தானே."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கட்டுகஸ்தோட்டை, பாலத்தடி, திகனப் பாதை. இவள் அடுப்பு வைத்த இடத்தில்தான் ஊர் முளைத்தது. முளைத்த ஊர் மூன்று தரமும் இவளைத் தூக்கி வெளியே போட்டது. நான்காவது அடுப்பு கட்டுக்கலை வளைவில் இருந்தது, பேராதனைப் பாதை ஓரமாக. ஆறு முடிச்சு நிறைந்த கயிறு அதுதான்.

"இதுலயாவது பொத்தான் வர நாளாகும்னு நெனக்கிறேன்" என்றாள். "இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குங்க. நாலாவது தடவ. இனி ஒரு எடத்துல கெடந்தாப் போதும்னு இருக்கு."

கட்டுக்கலை வளைவில் புதிய பொலிசுக் காவற்கூடத்தின் படத்தைப் போன கிழமை கீறியவன் நான். அதற்கு அழகான ஓட்டுக்கூரையும் போட்டிருந்தேன். முதலாந் திகதி திறக்கிறார்கள். அன்றைக்கே பாதையோர அடுப்புகள் எல்லாம் அகற்றப்பட வேண்டும் என்ற கடிதமும் என் மேசை இலாச்சியில் இருந்தது. அவ்வளவையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கட்டுக்கலைக் கயிற்றை எடுத்து, இரண்டாவது முடிச்சுச் சிரட்டையை விரலால் தடவினாள். பிறகு, "என் அடுப்பப் படத்துல போட்டுருங்கய்யா" என்றாள்.

"அடுப்பை ஆரும் படத்திலை கீறுறேல்லை. தெரு, ஒழுங்கை, ஒழுங்கை போய் முடியிற வாசல், இவ்வளவும்தான் கீறலாம்."

"ஒழுங்கைய ஒதைப்பாங்களா?"

"எப்பிடி உதைக்கிறது? துரை கையெழுத்து வைச்ச படத்திலை இருக்கிற ஒழுங்கை எல்லாருக்கும் பொது. அதின்ரை வாசலை மறிக்கவும் ஏலாது, எடுக்கவும் ஏலாது."

"அப்ப ஒரு ஒழுங்கை போட்டு, அது முடியிற எடத்துல என் அடுப்ப வெச்சிருங்க."

"மாட்டன்" என்றேன். சொல்லும்போதே என் மீது எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதுதான் உண்மை. "ஆக்கள் நடக்காத இடத்திலை நான் ஒழுங்கை கீறமாட்டன். பொய் கீறினால் பிறகு இந்தக் கொப்பியும் பொய், நீங்கள் கட்டின கயிறும் பொய்."

அவள் தலையைச் சரித்து என்னைப் பார்த்தாள். "நடந்தா?"

"நடந்தால் கீறுவன்."

"எத்தன பேரு நடக்கணும்?"

இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. யோசித்தேன். "புல்லுச் சாகவேணும்" என்றேன்.

இரத்தினம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நாலு நாளு இருக்குல்ல?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கட்டுக்கலைக்குப் போனால் பாதையோரத்தில் அடுப்பைக் காணவில்லை. பாதையிலிருந்து உள்ளே, புல்வெளியைத் தாண்டி, ஓடைக்கரையில் புகை எழுந்தது. அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள். அப்பம் வேண்டுமானால் நடந்து வா. வண்டிக்காரர்கள் பாதையில் நின்று கத்தினார்கள். அவள் ஓடைக்கரையில் நின்று திருப்பிக் கத்தினாள். முறுகலான அப்பத்தின் வாசம் வந்ததும் கத்தல் நின்று கால்கள் புல்லில் இறங்கின.

"என்ன தங்கச்சி, அடுப்பக் கொண்டு போய் ஆத்துக்குள்ள வெச்சீக்கிறீங்க?" என்று கேட்டார் மர்சூக் நானா. கட்டுக்கலையின் புடவைக்கடைக்காரர் அவர், கயிற்றில் ஆறாவது முடிச்சு. இரத்தினம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப புல்லு மௌத்தாகணும், அவ்வளவுதானே? நடங்க எல்லாரும்!"

முதல் நாள் பொழுதுபடும்போது புல் படுத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரவெல்லாம் மழை. இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கண்டிப் புல் அவ்வளவும் குளித்து முழுகி நிமிர்ந்து நின்றது. முன்னைவிடப் பச்சையாக. இரத்தினம்மா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துச் சிரி சிரியென்று சிரித்தாள். அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன், இல்லாவிட்டால் நம்பமாட்டேன். கட்டுக்கலை லாடக்காரர் புதிதாக லாடம் அடித்த மாடுகளையெல்லாம், நடை சரியாக இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று சொல்லி, அந்தப் புல்லில் ஓடைவரை நடத்திக் கூட்டி வந்தார். நாவிதர் கதிரையைப் பாதையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் போட்டார். கன்னத்தில் சோப்பு நுரையோடு ஆட்கள் வரிசையாக நடந்து போனார்கள். தவறணைக்காரர் வாடிக்கையாளர்களை, குடித்தது இறங்க நாலு தரம் நடந்துவிட்டு வா என்று அனுப்பினார். அவர்கள் நேராக நடக்காததால் ஒழுங்கை ஒரு இடத்தில் கொஞ்சம் வளைந்துவிட்டது. வீரையா ஊன்றுகோலோடு வந்தான். ஊன்றுகோல் புல்லில் ஓட்டை ஓட்டையாகக் குத்தியது. "கால் நோகுதோ?" என்று கேட்டேன். "வலிக்குதுங்க, ஆனா நல்லா இருக்குங்க" என்றான். மூன்றாம் நாள் மழையில் எல்லாம் சேறானபோது மர்சூக் நானா ஒரு வண்டி கோப்பித் தொலி கொண்டுவந்து கொட்டினார். கால் புதையாமல் அதன்மேல் இன்னும் நூறு பேர் நடந்தார்கள்.

நானும் நடந்தேன். படம் கீறுகிறவன் தானே நடக்கலாமா என்று கேட்பீர்கள். அப்பம் தின்னப் போகிறவன் நடக்காமல் பறந்தா போவான்? மூன்று நாளில் முப்பத்தெட்டு அப்பம் தின்றேன். என் புதுச் சப்பாத்தின் அடித்தோல் வாய் திறந்தது. எனக்கு அதில் ஒரு துளி கவலை வரவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் நடந்ததில்லை.

நான்காம் நாள் காலை வீரையா அளவுச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனையைப் பிடித்தேன். பாதையிலிருந்து அடுப்படி வரை ஒரு சங்கிலி நீளமும் அதற்கு மேல் ஏழு கண்ணியும். குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். புல் செத்திருந்தது. நல்லாய்ச் செத்திருந்தது. நடுவில் ஒரே ஒரு பிடிவாதக் கொத்து மட்டும் பச்சையாக நின்றது. நான் சங்கிலியைச் சுருட்டிவிட்டுத் திரும்பியபோது அது இல்லை. இரத்தினம்மா கையைப் பின்னால் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் பதினைந்தாவது ஒழுங்கையைக் கீறினேன், அந்த வளைவோடு சேர்த்து. அது முடியும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டேன். பெயர் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஏற்கெனவே ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதையே எழுதினேன். துரை படத்தை மேலிருந்து கீழே பார்த்தார். "பதினான்கு என்று சொன்னாயே?" என்று கேட்டார். "போன கிழமை பதினான்கு, துரை. ஊர் வளர்கிறது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

முதலாந் திகதி காலையில் படத்தின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, காவற்கூடத்துச் சுவரில் மாட்டக் கட்டுக்கலைக்குப் போனேன். நான் போய்ச் சேரும்போது தமுக்கு அடித்தாகிவிட்டது. ஊர் கூடி நின்றது. ஒரு தடித்த பொலிசுச் சார்ஜன், சட்டை புதிது, மீசை இன்னும் புதிது, கடதாசியை விரித்து உரக்க வாசித்தார்.

"பாதையோரத்திலே ஒழுங்கில்லாதிருக்கும் அடுப்புகள் யாவும் இன்றைய தினமே அகற்றப்படும்!"

வாசித்து முடித்துக் கடதாசியை மடித்தார். ஓடைக்கரையில் புகைந்த அடுப்பைத் தடியால் காட்டி, "அதுவுந்தான்" என்றார்.

இரத்தினம்மா கையில் அகப்பையோடு ஒழுங்கை வழியே நடந்து வந்தாள். "எனக்கு ஒழுங்கை இருக்குங்க" என்றாள்.

"என்ன ஒழுங்கு இருக்கு? கரியும் புகையும்! இதுவா ஒழுங்கு?"

அவள் நின்றாள். நெஞ்சை நிமிர்த்தினாள். அகப்பையை மேலே தூக்கினாள். தூக்கி, என் குரலில், அச்சு அசல் என் குரலில், கட்டுக்கலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஒழுங்கை எண்டால் ஒழுங்கு இல்லை! சின்னத் தெரு!"

முதலில் வீரையா சிரித்தான். மர்சூக் நானா சிரித்தார். நாவிதரின் கதிரையில் இருந்தவர் நுரை தெறிக்கச் சிரித்தார். என் காது இரண்டும் சுட்டன, நானும் சிரித்தேன். சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் படத்தை அவர் முன்னால் விரித்தேன்.

அவர் விரலால் பேராதனைப் பாதையைத் தொட்டார். வளைவுவரை வந்தார். அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு பிரிந்து, நடுவில் கொஞ்சம் வளைந்து, ஓடைக்கரைச் சதுரத்தில் போய் முடிந்தது. அதன் பெயரை வாசித்தார். கீழே துரையின் கையெழுத்தை வாசித்தார். தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். அவரே அதன் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இது பொதுப் பாதையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றேன். "நடக்கலாம். முடிவிலை அப்பம் இருக்கு."

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கூட்டம் வழிவிட்டது. நடந்து போய் அடுப்படியில் குந்தி, "ரெண்டு" என்றார். நாலு தின்றார். ஐந்தாவதற்குக் கையை நீட்டும்போது சட்டையில் ஒரு பொத்தான் நூலில் ஆடிக்கொண்டிருந்ததை இரத்தினம்மா கண்டுவிட்டாள். "இது எப்படியும் விழுந்துரும்ங்க" என்று சொல்லி, அவர் வாயைத் திறப்பதற்குள் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

கூடையிலிருந்து கட்டுக்கலைக் கயிறு வெளியே வந்தது. ஏழாவது முடிச்சைத் தேடிப் பொத்தானைக் கோத்து, பல்லால் இழுத்து இறுக்கி, கயிற்றை என்னிடம் கொடுத்தாள். என் கை தானாக இரண்டாவது முடிச்சுக்குப் போனது. சிரட்டை அங்கேயே இருந்தது.